பழைய மருத்துவமனையும் புதிய அடிக்கல்லும்

நம் மன்றத்து நண்பர்களுள் அப்சல்கஞ்சுப் பக்கம் போகாதவர் இரார். பேகம் பஜாரில் மலிவாகச் சாமான் வாங்கவோ, வெளியூர்ப் பேருந்து பிடிக்கவோ அங்கே போய்த்தான் ஆகவேண்டும். மூசி ஆற்றின்மேல் நயாபுல் பாலத்தில் நின்று பார்த்தால் ஒரு கரையில் உயர்நீதிமன்றமும் மறுகரையில் உஸ்மானியா பொது மருத்துவமனையும் கும்மட்டங்களோடு காட்சி தரும். ஏழாம் நிஜாம் மீர் உஸ்மான் அலி கான் காலத்தில் எழுந்தவை இவை. இரண்டின் அமைப்பிலும் வின்சென்ட் எஷ் என்ற ஆங்கிலக் கட்டடக் கலைஞரின் கைவண்ணம் உண்டு. ஏறத்தாழ நூறாண்டு வயதான அந்த மருத்துவமனைக் கட்டடம் 2020 ஜூலையில் நோயாளிகளை வெளியேற்றிப் பூட்டப்பட்டது. படுக்கைகள் அதே வளாகத்தின் மற்றக் கட்டடங்களுள் நெருக்கி இடப்பட்டன.

இதை இடிப்பதா, காப்பதா என்று பத்தாண்டுக்கு மேலாக வழக்கு நடந்திருக்கிறது. பழைமையைப் போற்றுவோர் ஒரு பக்கம். நோயாளியின் உயிரன்றோ முதன்மை என்போர் மறுபக்கம். இருவர் பேச்சிலும் நியாயம் உண்டு. ஆனால் இருவரும் அதிகம் பேசாத கேள்வி ஒன்று இருக்கிறது. கட்டடம் இந்த நிலைக்கு வரக் காரணம் யாது? புதிதாகக் கட்டுவதும் இதே நிலைக்கு வாராதிருக்க, யார், எந்தக் கணக்கிலிருந்து பணம் தருவார்? இதைத்தான் இக்கட்டுரையில் ஆராயப் புகுகிறேன். நான் வேதியியல் பயிலுபவன். பொறியியல் நண்பர்கள் சண்டைக்கு வந்தால் வரட்டும்.

முதலில் வரலாற்றைச் சிறிது காண்போம். அவ்விடத்தில் முன்பு இருந்தது அப்சல்கஞ்ச் மருத்துவமனை. எட்வர்டு லாரி என்ற மருத்துவர் 1888-லும் 1889-லும் குளோரோபாரம் பற்றிய ஆய்வுக் குழுக்களை ஐதராபாத்தில் கூட்டி, மயக்க மருந்தின் ஆபத்து மூச்சிலா இதயத்திலா என்று உலகத்து மருத்துவர்களையெல்லாம் வாதிட வைத்தார். 1908 செப்டம்பர் 28-ஆம் நாள் மூசி பெருக்கெடுத்தது. ஆயிரக்கணக்கானோர் மாண்டனர், மருத்துவமனையும் அழிந்தது. அதன் வளாகத்துப் புளியமரத்தில் ஏறிக்கொண்ட சுமார் 150 பேர் உயிர் தப்பினர் என்பர். அந்த மரம் இவ்வூராருக்குக் கோவில் மரம் போல.

வெள்ளம் வடிந்தபின் நடந்ததைக் கவனிக்கவேண்டும். உடனே கட்டடம் எழுப்பிவிடவில்லை. விசுவேசுவரய்யாவை அழைத்து ஆற்றை அடக்கும் வழி கேட்டார்கள். அவர் ஆலோசனைப்படி மேற்கே உஸ்மான் சாகர், ஹிமாயத் சாகர் என்னும் இரு நீர்த்தேக்கங்கள் எழுந்தன. 1912-இல் நகர மேம்பாட்டு வாரியம் அமைந்தது. அந்தத் திட்டத்தின் பகுதியாகவே கரையோரத்தில் பெரிய கட்டடங்கள் வந்தன. மருத்துவமனைத் திட்டத்தில் முதற்செலவு அணைக்கும் வடிகாலுக்கும் போயிற்று என்று சொல்லலாம். இந்த வரிசை பின்னாளில் மறந்துபோயிற்று. 2020 ஜூலையில் மருத்துவமனையைப் பூட்டச் செய்தது எது? சுவர் சரியவில்லை. மழைநீரும் சாக்கடை நீரும் கீழ்த்தளத்து வார்டுகளுள் புகுந்தன; நோயாளிகளின் கட்டிலுக்கடியில் அழுக்குநீர் ஓடிய காட்சியை நாடே படங்களில் கண்டது.

கல்லான சுண்ணாம்பும் கம்பி கட்டிய கான்கிரீட்டும்

வயதான கட்டடம் என்றாலே வலுவிழந்தது என்று நாம் நினைக்கிறோம். மனிதருக்கு அது பொருந்தும். கட்டடத்துக்கு வயதைக் காட்டிலும் அது எப்பொருளால் ஆனது என்பதே முக்கியம். இதில் வேதியியல் மாணவனுக்குச் சுவையான செய்தி ஒன்று உண்டு.

நம் பாட்டன்மார் காலத்துக் கட்டடங்கள் செங்கல்லாலும் கருங்கல்லாலும் ஆகி, சுண்ணாம்புச் சாந்தால் பிணைந்தவை. சுண்ணாம்புக்கல்லைச் சூளையில் ஏறத்தாழ 900 பாகை வெப்பத்தில் சுட்டால் அதிலுள்ள கரியமிலவாயு வெளியேறிவிடும். எஞ்சியதைத் தண்ணீர்விட்டு நீற்றி, மணலோடு அரைத்துப் பூசினால், அது காற்றிலிருந்து இழந்த கரியமிலவாயுவைச் சிறிது சிறிதாகத் திரும்ப வாங்கிக்கொண்டு மீண்டும் கல்லாகிறது. ஒரு நாளில் நடப்பதன்று. கனத்த சுவரின் உட்புறம் முழுதும் கல்லாக ஆண்டுகள் பல ஆகும். ஆதலின் சுண்ணாம்புச் சுவர், காலம் போகப்போக இறுகுவது. பினாப்தலீன் கரைசலை அதன்மேல் தெளித்துப் பாருங்கள். வாயு சென்று சேராத பகுதி இளஞ்சிவப்பாகும். கல்லான பகுதி நிறம் மாறாது. நம் பள்ளிக்கூடத்து ஆய்வுக்கூடத்தில் கற்ற அதே சோதனைதான்.

கம்பி கட்டிய கான்கிரீட்டுக்கோ அதே கரியமிலவாயு பகைவன். புதிய கான்கிரீட்டில் காரத்தன்மை மிகுதி. அதன் கார அளவு 13-ஐ ஒட்டி இருக்கும். அந்தக் காரத்தில் இரும்பின்மேல் மெல்லிய படலம் ஒன்று படிந்து துரு ஏறாமல் காக்கிறது. காற்றிலுள்ள வாயு ஆண்டுதோறும் சிறிது சிறிதாக உட்புகுந்து காரத்தைக் குறைத்துக்கொண்டே வருகிறது. அளவு 9-க்குக் கீழே போனால் காப்புப் படலம் அழிந்துவிடும். ஈரமும் சேர்ந்தால் கம்பி துருப்பிடிக்கும். துரு, அது தின்ற இரும்பைவிட இரண்டு முதல் ஆறு மடங்கு வரை இடம் கேட்கும். உள்ளிருந்து நெருக்கிக் கான்கிரீட்டை உடைத்துவிடும். அரசாங்கக் குடியிருப்புகளில் கூரையிலிருந்து காரை பெயர்ந்து கம்பி பல்லிளிப்பதைப் பார்த்திருப்பீர்கள்; அது இதுதான். ஆகவே நூறாண்டு கண்ட சுண்ணாம்புச் சுவர் இன்னும் பல்லாண்டு நிற்கக்கூடும். அதன் பக்கத்தில் 1970-களில் எழுந்த கான்கிரீட் கட்டடம் அதற்கு முன்பே விழுந்துவிடவும் கூடும்.

கதையாகச் சொல்லவில்லை. இங்கிலாந்தில் கிங்ஸ் லின் என்னும் ஊரிலுள்ள ராணி எலிசபெத் மருத்துவமனை 1980-இல் திறக்கப்பெற்றது. அக்காலத்தில் மலிவு என்று பெயர்பெற்ற, காற்றுக்குமிழ் நிறைந்த இலேசான கான்கிரீட் பலகைகளால் அதன் கூரையை அமைத்தார்கள். அவற்றின் ஆயுள் ஏறத்தாழ முப்பது ஆண்டே. இப்போது அக்கூரையை ஆயிரக்கணக்கான முட்டுக்கால்கள் தாங்கி நிற்க, கீழே நோயாளிகள் படுத்திருக்கிறார்கள்.

பழைய சுவரையும் கெடுக்க எளிய வழிகள் இரண்டு உண்டு. ஒன்று, சுண்ணாம்பு பெயர்ந்த இடத்தில் சிமெண்டைப் பூசுவது. சுண்ணாம்புச் சுவர் மூச்சுவிடும். வாங்கிய ஈரத்தைத் திரும்பக் கொடுத்துவிடும். சிமெண்டுப் பூச்சு அந்த மூச்சை அடைக்கிறது. ஈரம் உள்ளேயே தங்கி, உப்புப் பூத்து, செங்கல் பொடிந்துபோகிறது. மற்றொன்று, அரசங்கன்று. காக்கை எச்சத்தில் விழுந்த விதை சுவர் வெடிப்பில் முளைக்கும். முதல் ஆண்டில் விரலால் பிடுங்கி எறியலாம், செலவு ஒன்றுமில்லை. ஐந்தாம் ஆண்டில் கொத்தனாரும் சாரமும் வேண்டும். பதினைந்தாம் ஆண்டில் சுவரையே பிரித்துக் கட்டவேண்டும். கட்டடத்தின் சீர்கேடு முழுவதையும் அந்த ஒரு கன்றில் காணலாம்.

எதற்குப் பழையது, எதற்குப் புதியது

இவ்வளவு சொன்னதால் பழைய கட்டடத்திலேயே எல்லாவற்றையும் நடத்தலாம் என்பது என் கட்சி என்று எண்ணவேண்டாம். ஒரு கட்டடத்தினுள் பல ஆயுள்கள் அடங்கியிருக்கின்றன. சுவர் நூறாண்டு நிற்கும். தளத்தின் மேல் ஈரம் தடுக்கும் பூச்சைப் பத்துப் பதினைந்து ஆண்டுக்கொரு முறை புதுப்பிக்கவேண்டும். மின்கம்பியும் தண்ணீர்க் குழாயும் இருபது முப்பது ஆண்டில் மாறவேண்டும். நோய் காணும் கருவிகள் பத்தாண்டில் பழையனவாகிவிடும். 1920-களில் வார்டு அமைத்தவர்களுக்குச் சுவருக்குள் ஓடும் பிராணவாயுக் குழாய் தெரியாது. பல டன் எடையுள்ள காந்தப் படக்கருவி தெரியாது. தீப்பிடித்தால் கட்டிலோடு நோயாளியை வெளியேற்றும் விதிகளும் தெரியா. உயிர்காக்கும் பிரிவையும் அறுவைக் கூடத்தையும் அங்கே திணிப்பது நோயாளிக்கும் தீங்கு, கட்டடத்துக்கும் தீங்கு. குழாய் போட ஒவ்வொரு சுவராகத் துளைத்துத் துளைத்தே பழைய கட்டடங்கள் பல பாழாயின.

ஆனால் அவர்கள் அறிந்திருந்ததும் ஒன்று உண்டு. அதை நாம் மறந்தோம். அது காற்று. உயர்ந்த கூரை, எதிரெதிர்ச் சன்னல், நீண்ட தாழ்வாரம். பிளாரன்ஸ் நைட்டிங்கேல் 1859-இல் மருத்துவமனைகளைப் பற்றி எழுதிய நூலில் வற்புறுத்தியது இதைத்தான். கிருமி பற்றிய கொள்கை நிலைபெறுமுன் சொன்னதாயிற்றே, வெறும் நம்பிக்கைதானா என்று வினவலாம். பெரு நாட்டின் லீமா நகரில் எட்டு மருத்துவமனைகளை அளந்து பார்த்து 2007-இல் ஆய்வு ஒன்று வெளிவந்தது. சன்னல்களைத் திறந்துவைத்தபோது, பழைய பாணியில் உயர்ந்த கூரையுடன் அமைந்த அறைகளில் மணிக்கு 40 முறை காற்று முற்றும் மாறிற்று. பின்னாளில் கட்டிய அறைகளில் 17 முறை. இயந்திரத்தால் காற்றூட்டும் தனியறைகளுக்கு விதித்த அளவோ 12 முறைதான். காசநோய் காற்றில் பரவுவது. ஒரு வார்டில் எத்தனை பேருக்கு அது தொற்றும் என்பதை இந்த எண்கள் பெரிதும் முடிவு செய்யும்.

புதிய கட்டடம் தானாகவே பாதுகாப்பாகிவிடுவதும் இல்லை. கொல்கத்தாவில் 2011 டிசம்பரில் கண்ணாடியால் மூடிய தனியார் மருத்துவமனை ஒன்றின் அடித்தளத்தில் தீப்பற்றியது. புகை மேல்தளங்களுக்கு ஏறிற்று. திறக்கச் சன்னலின்றி ஏறத்தாழ 90 பேர் மாண்டனர். அடித்தளத்தில் எரியும் பொருள்களைச் சேர்த்து வைத்திருந்தார்கள் என்று பின்னர் வெளிவந்தது. அதுவும் பராமரிப்புக் குறையே.

பணம் எங்கே பிறக்கிறது, எங்கே நின்றுவிடுகிறது

இனி உஸ்மானியாவின் பிற்காலக் கதை. 2015-இல் மாநில அரசு பழைய கட்டடத்தை இடித்துப் புதிய கோபுரங்கள் எழுப்பப்போவதாக அறிவித்தது. பழுதுபார்த்தால் நிற்கும் என்று மரபுக் காப்பாளர்கள் மறுத்தார்கள். திட்டம் நின்றது, மராமத்தும் முழுமையாக நடக்கவில்லை. இடிக்கப்போகிற வீட்டுக்கு யார் வெள்ளையடிப்பார்? முடிவெடுக்காமல் கழியும் காலத்துக்கும் விலை உண்டு. அதை நோயாளிகள் கொடுத்தார்கள். 2020-இல் பூட்டு விழுந்தது. வழக்கு உயர்நீதிமன்றத்தில் நடந்தது. 2023-இல், இக்கட்டடம் மருத்துவமனையாகப் பயன்பட ஏற்றதன்று என்று அரசு அங்கே தெரிவித்தது. 2025 ஜனவரி 31-ஆம் நாள் அருகிலுள்ள கோஷாமகால் காவலர் மைதானத்தில் புதிய மருத்துவமனைக்கு முதலமைச்சர் ரேவந்த் ரெட்டி அடிக்கல் நாட்டினார். ஏறத்தாழ 26 ஏக்கர் நிலம், 2,000 படுக்கை, ஏறத்தாழ 2,700 கோடி ரூபாய் மதிப்பீடு. எங்கள் திடல் போகிறதே என்று அப்பகுதி மக்களில் பலர் எதிர்த்தார்கள். இடம் மாறுவது இந்நகருக்குப் புதிதன்று. செகந்தராபாத்தின் காந்தி மருத்துவமனை 2003-இல் முஷீராபாத்தின் பழைய சிறைச்சாலை நிலத்துக்கு மாறி நன்றாகவே நடந்துவந்திருக்கிறது.

கணக்கைப் பார்ப்போம். 2,700 கோடியை 2,000 படுக்கையால் வகுத்தால் படுக்கை ஒன்றுக்கு 1 கோடியே 35 லட்சம். பெரிய தொகைதான், ஆயினும் இக்காலத்தில் இதைத் திரட்ட வழி உண்டு. மாநில அரசு கடன் பத்திரம் வெளியிடலாம். மூலதனச் செலவுக்கென்று 2020-21 முதல் மத்திய அரசு மாநிலங்களுக்கு ஐம்பது ஆண்டுத் தவணையில் வட்டியில்லாக் கடன் கொடுத்து வந்திருக்கிறது. வெளிநாட்டுக் கடனும் கிடைக்கும். மதுரையிலும் கோவையிலும் சென்னைக் கீழ்ப்பாக்கத்திலும் அரசு மருத்துவமனைகளுக்குப் புதிய அடுக்குமாடிகள் ஜப்பானியக் கடனுதவியால் எழுந்தவையே. அடிக்கல் நாட்டப் பணம் பிறந்துவிடுகிறது.

கட்டிய பிறகுதான் தொல்லை. வீட்டைக் கட்டிப்பார், கல்யாணம் பண்ணிப்பார் என்று நம்மூரில் சொல்வார்கள். கட்டிய வீட்டை வைத்துக் காப்பாற்றுவதைப் பற்றி அந்தப் பழமொழியும் வாய் திறக்கவில்லை. அமெரிக்கத் தேசிய ஆராய்ச்சிக் கழகம் பொதுக் கட்டடங்களைப் பற்றி 1990-இல் ஓர் அளவு கூறியது. ஒரு கட்டடத்தை இன்று புதிதாகக் கட்ட என்ன செலவாகுமோ, அதில் நூற்றுக்கு 2 முதல் 4 பங்கை ஆண்டுதோறும் மராமத்துக்கு ஒதுக்கவேண்டும். கீழ் அளவையே கொள்வோம். 2,700 கோடியில் நூற்றுக்கு 2 என்றால் ஆண்டுக்கு 54 கோடி. ஒரு நாளைக்கு ஏறத்தாழ 15 லட்சம். இன்றைய விலையிலேயே ஐம்பது ஆண்டில் இன்னொரு 2,700 கோடி ஆகிவிடும். மதிப்பீட்டில் கருவிகளின் விலையைப் பிரித்தெடுத்தால் தொகை குறையும். அப்படியும் கோடிக் கணக்குத்தான்.

இந்த 54 கோடியை வட்டியில்லாக் கடனில் வாங்க முடியாது. அது மூலதனத்துக்கு மட்டும். அன்றாடச் செலவுக் கணக்கிலிருந்து எடுக்கவேண்டும். அங்கேயோ சம்பளம் முதலில் நிற்கிறது, அடுத்து மருந்து, அடுத்து மின்கட்டணம். சம்பளத்தை நிறுத்தினால் வேலைநிறுத்தம் வரும், மருந்தை நிறுத்தினால் மறுநாள் செய்தித்தாளில் வரும். தளத்துப் பூச்சை ஓராண்டு தள்ளிப்போட்டால் யாருக்கும் தெரியாது. ஆதலால் அதுவே ஆண்டுதோறும் தள்ளிப்போகிறது. சிறு பழுதுக்குக்கூட மருத்துவமனைத் தலைவர் தாமாகக் கொத்தனாரை அழைத்துவிட முடியாத நிலையே பெரும்பாலான மாநிலங்களில் உண்டு. பொறியாளர் பிரிவு வேறு இலாகா. அவர்கள் எஸ்டிமேட் போடவேண்டும், அனுமதி வரவேண்டும், டெண்டர் விடவேண்டும். அதற்குள் அடுத்த மழைக்காலம் வந்துவிடும்.

இது ஏழை நாட்டுப் பழக்கம் என்று தலைகுனிய வேண்டியதில்லை. இங்கிலாந்தின் தேசிய மருத்துவச் சேவையைப் பற்றி டார்சி பிரபு 2024-இல் கொடுத்த அறிக்கையில், தள்ளிப்போட்ட மராமத்தின் நிலுவை 1,160 கோடி பவுனுக்கு மேல் என்று கண்டிருக்கிறது. கட்டடத்துக்கென்று ஒதுக்கிய பணத்தை அன்றாடச் செலவுக்குத் திருப்பிக்கொண்டார்களாம்.

அப்படியானால் அந்தப் பணத்துக்கு வழி யாது? நிலத்தை விற்கலாம் என்பார் உளர். பழைய மருத்துவமனைகள் நகரின் நடுவில், பொன்விலை போகும் மண்ணில் இருப்பவை. ஆனால் நிலத்தை ஒருமுறைதான் விற்கலாம். ஆண்டுதோறும் வரும் செலவுக்கு அது விடையாகாது. செல்வர்களிடம் நன்கொடை கேட்கலாம். வார்டுக்குப் பெயர்ப்பலகை உண்டு. சாக்கடைக்குப் பெயர்ப்பலகை மாட்டிக்கொள்வார் உண்டோ? என் நோக்கில், காப்பீட்டுப் பணமே ஓரளவு நம்பத்தக்க ஊற்று. ஆந்திரத்தில் 2007-இல் ஆரோக்கியஸ்ரீ தொடங்கியது. தெலுங்கானா பிரிந்தபின்னும் அது தொடர்ந்தது. தமிழகத்திலும் 2009 முதல் அரசுக் காப்பீடு உண்டு. ஏழை நோயாளிக்குச் செய்யும் சிகிச்சைக்கு இத்திட்டங்களில் அரசு மருத்துவமனையும் பணம் பெறலாம். அதில் ஒரு பங்கைக் கட்டடத்துக்கென்று தனிக் கணக்கில் போட்டு, சிறு பழுதுகளுக்கு மருத்துவமனைத் தலைவரே செலவிட உரிமை தரவேண்டும். பெரிய அறுவைகள் நடக்கும் மருத்துவமனைக்கு இது உதவும். பிரசவமும் காய்ச்சலும் பார்க்கும் தாலுகா ஆஸ்பத்திரிக்கு இதில் கிடைப்பது சொற்பம். அதற்கு வரவு செலவுத் திட்டத்தில்தான் தனித் தலைப்பு வேண்டும். அந்தத் தலைப்பில் போட்ட பணத்தை வேறு தலைப்புக்கு மாற்ற முடியாதபடி விதியும் வேண்டும். ஐந்தாண்டுக்கொரு முறை கட்டடத்தின் உடல்நிலையைச் சோதித்து அறிக்கையைப் பொதுமக்கள் பார்வைக்கு வைத்தால், தள்ளிப்போட்டது எது என்று எல்லாருக்கும் தெரிந்துவிடும். இவற்றையெல்லாம் எழுதிக் கையெழுத்திட ஏற்ற காலம், கட்டடம் எழுந்துகொண்டிருக்கும்போதே. திறப்பு விழா முடிந்தபின் கேட்டால் யார் தருவார்?

எஞ்சுவது ஆற்றங்கரையில் நிற்கும் பழைய கட்டடம். அரும்பொருட்காட்சியகமாக்கலாம் என்பது பலர் கருத்து. குளோரோபாரக் கதைக்கு ஓர் அறை கட்டாயம் வேண்டும்தான். ஆனால் எனக்குத் தோன்றுவது வேறு. மாவட்டங்களிலிருந்து வரும் ஏழை நோயாளியோடு ஒருவர் இருவர் உடன் வருவர். அவர்களுக்குப் படுக்க இடம் இல்லை; பெரிய அரசு மருத்துவமனைகள் எங்கும் தாழ்வாரத்திலும் மரத்தடியிலும் துணியை விரித்துப் படுத்திருப்பவர்கள் அவர்களே. பாளையங்கோட்டையில் நாங்கள் ஐகிரவுண்டு ஆஸ்பத்திரி என்று சொல்லுமிடத்திலும் இக்காட்சி உண்டு. உயர்ந்த கூரையும் காற்றோட்டமும் உடைய அந்தக் கூடங்களில் அவர்களைத் தங்கவைக்கப் பிராணவாயுக் குழாய் வேண்டாம், கனத்த கருவி வேண்டாம், சுவரைத் துளைக்கவும் வேண்டாம். குளியலறை, கழிப்பறை, விளக்கு, ஒரு சமையற்கூடம், புதிய மருத்துவமனைக்குப் போய்வர ஒரு வண்டி, இவ்வளவு போதும். மேல்தளங்களைத் தங்குமிடமாக்கி, கீழ்த்தளத்தில் வெள்ளத்துக்குப் பாழாகாதவற்றை மட்டும் வைக்கலாம். 2025 செப்டம்பரிலும் மூசி பெருகி, அருகிலுள்ள மகாத்மா காந்தி பேருந்து நிலையத்துள் நீர் புகுந்தது. ஆகவே சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனாரைத் தேடுமுன் அந்த வளாகத்தின் வடிகாலைத் தோண்டிப் பார்க்கவேண்டும்.